கல்லீரலில் மதுவைச் சிதைக்கும் நொதிக்கான ஆன்டிபாடி: ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆன்டிபாடி எதைக் கண்டுபிடிக்கிறது?

ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற புரதத்தை. ஆய்வகத்தில் எல்லோரும் சுருக்கமாக ஏடிஎச் என்பார்கள். உடலுக்குள் போகும் மதுவில் பெரும்பகுதியை முதலில் சிதைப்பது கல்லீரல் செல்லின் சைட்டோபிளாசத்தில் இருக்கும் இந்த நொதிதான். மதுவிலுள்ள எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து, ஹைட்ரஜனை ஏந்திச் செல்லும் என்ஏடி மூலக்கூறிடம் கொடுக்கிறது. எத்தனால் அசிட்டால்டிஹைடாகிறது, என்ஏடி என்ஏடிஎச் ஆகிறது. மனித ஏடிஎச்சின் ஒவ்வொரு துணையலகிலும் சுமார் 375 அமினோ அமிலங்கள், இரண்டு துத்தநாக அணுக்கள். இரண்டு துணையலகுகள் இணைந்தால்தான் நொதி வேலை செய்யும்.

ஆன்டிபாடி இந்த வினையைப் பார்ப்பதில்லை. புரதத்தின் ஒரு சிறு பகுதியின் வடிவத்தை மட்டும் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பகுதிக்கு எபிடோப் என்று பெயர். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை இதிலிருந்துதான் கிளம்புகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுவைச் சிதைக்கும் நொதி ஒன்றுதானா? எதற்கு ஆன்டிபாடி வாங்குவது என்று குழப்பமாக இருக்கிறது.

மூன்று நொதிகளை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏடிஎச் சைட்டோபிளாசத்தில். அது உண்டாக்கும் அசிட்டால்டிஹைடை அசிடேட்டாக மாற்றும் ஏஎல்டிஎச்2 மைட்டோகாண்ட்ரியாவுக்குள். மூன்றாவது சிஒய்பி2இ1, எண்டோபிளாச வலையின் சவ்வில். சார்ல்ஸ் லீபரும் உடன் உழைத்தவரும் 1968-இல் விவரித்த மைக்ரோசோம் வழிப்பாதையின் முக்கிய நொதி இது. இரத்தத்தில் மது அதிகமாகும்போதும், நெடுநாள் குடியிலும் இதன் பங்கு கூடும்.

எதை வாங்குவது என்பதைக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும். நெடுநாள் மது கல்லீரலில் என்ன மாற்றம் செய்கிறது என்று பார்க்க வந்தவர்கள் ஏடிஎச்சை மட்டும் தேடி, எதுவும் ஏறவில்லையே என்று திகைப்பதுண்டு. மது உள்ளே இருக்கும்வரை சிஒய்பி2இ1 சிதையாமல் தேங்கி அளவில் ஏறும், மது நின்றதும் வேகமாக இறங்கும். ஏடிஎச் மனிதரில் அப்படிக் குறிப்பிடும்படி ஏறுவதில்லை. கல்லீரல் கெட்டால் குறையத்தான் செய்கிறது. அப்புறம், பட்டினியும் நீரிழிவும்கூட சிஒய்பி2இ1-ஐ ஏற்றிவிடும். விலங்குகளை இரவு முழுக்கப் பட்டினி போட்டுவிட்டுக் காலையில் திசு எடுத்தால், ஏற்றம் மதுவாலா பட்டினியாலா என்று பிறகு பிரிக்க முடியாது. எல்லாக் குழுவுக்கும் ஒரே உணவு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பியில் ‘ஏடிஎச்1’ என்று இருக்கிறது. 1ஏ, 1பி, 1சி ஆகியவற்றை அது பிரித்துக் காட்டுமா?

பெரும்பாலும் காட்டாது. நேரமெடுத்துப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

மனிதரில் ஏடிஎச் மரபணுக்கள் ஏழு. ஏழும் 4-ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. ஏடிஎச்1ஏ, 1பி, 1சி மூன்றும் முதல் வகுப்பு. மதுவைச் சிதைக்கும் வேலையில் பெரும்பங்கு இவற்றுடையது. மூன்றின் அமினோ அமில வரிசையும் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒன்றுபோல இருக்கும். முழுப் புரதத்தைச் செலுத்தி உண்டாக்கிய ஆன்டிபாடி மூன்றையும் சேர்த்தே பிடிக்கும். அளவை வைத்தும் பிரிக்க முடியாது, ஏனென்றால் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் மூன்றும் 40 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகில்தான் ஓடும். போதாததற்கு இவை தங்களுக்குள் கலந்தும் ஜோடி சேரும்: 1ஏ-யின் துணையலகு ஒன்றும் 1பி-யின் துணையலகு ஒன்றும் சேர்ந்து ஒரே நொதியாக இருக்கலாம். ஆகவே ஆன்டிபாடியால் புரதத்தைக் கரைசலிலிருந்து இழுத்தெடுக்கும் இம்யூனோபிரெசிபிடேஷனில் 1பி-ஐ மட்டும் பிடித்தாலும் கூடவே மற்றது வரும். அதைப் பார்த்துவிட்டு ஆன்டிபாடி சரியில்லை என்று அவசரமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

மற்ற வகுப்புகளுடன் ஒற்றுமை குறைவு, சுமார் 60 முதல் 70 விழுக்காடு. ஆனாலும் கவனம் தேவை. ஏடிஎச்4 கல்லீரலில் நிறைய இருக்கிறது. ஏடிஎச்5 ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் இருக்கிறது. அதன் முதன்மை வேலை ஃபார்மால்டிஹைடைக் கையாள்வது. ஏடிஎச்7 இரைப்பையில் தென்படும். இவையும் 40 கிலோடால்டன் அளவுதான். மூளை, சிறுநீரகம், தசை என்று எதைப் போட்டாலும் உங்கள் ஆன்டிபாடி ஒரே மாதிரிப் பட்டை (அந்தப் புரதம் நின்ற இடத்தில் தெரியும் கோடு) காட்டினால், அது ஏடிஎச்5-ஐப் பிடிக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

என்ன செய்யலாம்? எந்தப் பெப்டைடை (சிறு புரதத் துண்டு) அல்லது எந்தப் பகுதியைக் கொண்டு ஆன்டிபாடி தயாரித்தார்கள் என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அந்த வரிசையை ஏழு புரதங்களின் வரிசையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். புரத வரிசைகளின் தரவுத்தளமான யூனிப்ராட்டில் 1ஏ பி07327, 1பி பி00325, 1சி பி00326 என்ற எண்களில் இருக்கின்றன. அரைமணி நேர வேலைதான். அதைவிட உறுதியான வழி, மூன்றையும் தனித்தனியாக எச்இகே293 போன்ற ஆய்வகச் செல்களில் உற்பத்தி செய்து, அருகருகே ஓட்டிப் பார்ப்பது. ஆய்வுக் கேள்வியே எந்த வடிவம் என்பதுதான் என்றால், ஆன்டிபாடியோடு நிறுத்தாமல் புரதத் துண்டுகளை எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கோ, மரபணு வரிசையைப் பெருக்கிக் காணும், வடிவத்துக்கேற்ற பிசிஆருக்கோ போய்விடுங்கள். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

பழைய கட்டுரைகளில் ஏடிஎச்2, ஏடிஎச்3 என்று வருகிறதே, அவை எவை?

பழைய பெயரீட்டில் ஏடிஎச்2 என்றால் இன்றைய 1பி, ஏடிஎச்3 என்றால் இன்றைய 1சி. ‘மூன்றாம் வகுப்பு’ என்று படித்தால் அது ஏடிஎச்5. வாங்கும்போது பெயரை நம்பாமல் யூனிப்ராட் எண்ணைப் பாருங்கள். ஏடிஎச் என்ற சுருக்கம் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனுக்கும் உண்டு, தேடலில் அதற்கான ஆன்டிபாடியும் வந்து நிற்கும்.

மோனோகுளோனலா, பாலிகுளோனலா, ரீகாம்பினன்டா? எது நல்லது?

பாலிகுளோனல் என்பது ஒரு விலங்கின் சீரத்திலிருந்து எடுத்த கலவை. பல எபிடோப்களைப் பிடிப்பதால் சமிக்ஞை பலமாக இருக்கும், ஆனால் வேண்டாத புரதங்களையும் தொட வாய்ப்பு அதிகம். அந்த விலங்கு இறந்துவிட்டால் அதே ஆன்டிபாடி மறுபடி கிடைக்காது. மோனோகுளோனல் ஒரே எபிடோப்பைப் பிடிக்கும். கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் ஹைபிரிடோமா முறையைக் காட்டிய பிறகு இது சாத்தியமானது. ரீகாம்பினன்ட் என்றால் ஆன்டிபாடியின் மரபணு வரிசையே கையில் இருக்கிறது, அதைச் செல்லில் போட்டு எப்போது வேண்டுமானாலும் அதையே உண்டாக்கலாம்.

பல ஆண்டு ஓடும் ஆய்வு என்றால் ரீகாம்பினன்ட்தான் என் தேர்வு. ஏடிஎச் போன்ற ஒட்டிப்பிறந்த குடும்பத்தில் பாலிகுளோனல் குறுக்கே போய் ஒட்டுவது சகஜம். ஆனாலும் மோனோகுளோனல் என்று எழுதியிருப்பதாலேயே அது துல்லியமாகிவிடாது. அது பிடிக்கும் ஒரே எபிடோப் மூன்று புரதங்களுக்கும் பொதுவாக இருந்தால் மூன்றையும்தான் பிடிக்கும்.

மனிதக் கல்லீரலுக்கு வாங்கியதைச் சுண்டெலிக்கும் பயன்படுத்தலாமா?

சுண்டெலிக்கு முதல் வகுப்பில் ஒரே மரபணுதான், ஏடிஎச்1. அதனால் 1ஏ, 1பி, 1சி குழப்பம் அங்கே இல்லை. மனிதப் புரதத்துக்கு நன்கு ஒத்ததுதான், ஆனால் உங்கள் ஆன்டிபாடியின் எபிடோப் இருக்கும் இடம் ஒத்திருக்கிறதா என்பதே கேள்வி. தயாரிப்பாளர் சோதித்த விலங்குகளின் பட்டியலில் சுண்டெலி இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஒத்துப்போகும் என எதிர்பார்க்கப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் யாரும் சோதிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெஸ்டர்ன் பிளாட்டில் எவ்வளவு புரதம் ஏற்றுவது? பட்டை எங்கே வரும்?

புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, அங்கே ஆன்டிபாடியால் தேடும் முறை இது. பட்டை 40 கிலோடால்டன் அருகில் வரும். ஏடிஎச் கல்லீரலில் ஏராளமாக இருக்கும் புரதங்களில் ஒன்று. மற்ற புரதங்களுக்கு 30, 40 மைக்ரோகிராம் ஏற்றிய பழக்கத்தில் இதற்கும் ஏற்றினால், பட்டை உப்பிப் பக்கத்துப் பாதையைத் தொடும். நடுவில் வெள்ளையாகிப் போவதும் உண்டு. பட்டையை ஒளிரவைக்க ஆன்டிபாடியோடு இணைத்த எச்ஆர்பி நொதி அங்கே அவ்வளவு மிகுதி, அதன் வினைபொருள் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். 5 முதல் 10 மைக்ரோகிராமில் தொடங்குங்கள்.

முதல் பிளாட்டை அளவீட்டுக்கு என்று ஒதுக்காதீர்கள். ஒரே மாதிரியை 2, 4, 8, 16 மைக்ரோகிராம் என்று ஏற்றி, புரதம் இரட்டிக்கும்போது சமிக்ஞையும் இரட்டிக்கிறதா என்று பாருங்கள். இரட்டிக்கும் பகுதிக்குள்தான் இரண்டு கல்லீரல்களை ஒப்பிட முடியும். அதைத் தாண்டினால் நான்கு மடங்கு வித்தியாசமும் ஒன்றுபோலத் தெரியும்.

ஆன்டிபாடியை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்பதற்குக் குப்பியுடன் வரும் தாள் தொடக்கம்தான். 1:1000 என்று எழுதியிருந்தால் 1:500, 1:2000, 1:5000 எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கல்லீரலுக்கு நிறைய நேரம் மெலிந்த கரைசலே போதும், பின்னணியும் சுத்தமாக இருக்கும்.

லோடிங் கன்ட்ரோலாக ஜிஏபிடிஎச் அல்லது பீட்டா-ஆக்டின் போடலாமா?

வேண்டாம். லோடிங் கன்ட்ரோல் என்பது எல்லாப் பாதையிலும் சம அளவு புரதம் ஏறியதா என்று காட்டும் ஒப்பீட்டுப் புரதம். இந்த ஆன்டிபாடியில் அடிக்கடி நேரும் தவறு இதுவாகத்தான் இருக்கும்.

ஜிஏபிடிஎச் 37 கிலோடால்டன். பீட்டா-ஆக்டின் 42. ஏடிஎச் 40, அதாவது இரண்டுக்கும் நட்டநடுவில். சிறிய ஜெல்லில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மெம்பரேனிலிருந்து முதல் ஆன்டிபாடியைக் கழுவி நீக்கிவிட்டு இரண்டாவதைப் போடுகிறோம் என்பார்கள். கழுவுவது ஒருபோதும் முழுமையாக நடப்பதில்லை. மிச்சமிருக்கும் ஏடிஎச் சமிக்ஞை ஆக்டின் பட்டை போலவே வந்து உட்காரும். ஏடிஎச் கூடிய மாதிரியில் ‘ஆக்டினும்’ கூடியதாகத் தெரியும், அதால் வகுத்ததும் உண்மையான மாற்றம் காணாமல் போகும். மெம்பரேனைக் குறுக்கே வெட்டித் தனித்தனியாகப் போடவும் வழியில்லை. 37-க்கும் 42-க்கும் இடையில் எங்கே வெட்டுவது?

உயிரியல் காரணமும் உண்டு. ஜிஏபிடிஎச் தானே என்ஏடி-யை வைத்து வேலை செய்யும் வளர்சிதை நொதி. செல்லின் என்ஏடி சமநிலையை மது குலைக்கும் சோதனையில் அதை அசையாத அளவுகோலாக எடுப்பது நியாயமில்லை. கல்லீரலில் நார்த்திசு பெருகும்போது ஆல்பா மென்தசை ஆக்டின் பெருகும். எல்லா ஆக்டினையும் சேர்த்துப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டிருந்தால், நோயே உங்கள் கன்ட்ரோலை மாற்றிவிடும்.

மாற்று என்ன? சுமார் 120 கிலோடால்டனில் வரும் வின்குலின் நல்ல தேர்வு, மெம்பரேனை வெட்டித் தனியாகப் போடலாம். 50-இல் வரும் ஆல்பா-டியூபுலினும் ஏடிஎச்சிலிருந்து போதுமான அளவு தள்ளி இருக்கிறது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது மொத்தப் புரதச் சாயம். புரதத்தை ஜெல்லிலிருந்து மாற்றி முடித்த உடனே மெம்பரேனைப் பான்சோ எஸ் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்துப் படமெடுங்கள், கழுவுங்கள், பிறகு பிளாக்கிங் (மெம்பரேனின் வெற்றிடங்களை வேறு புரதத்தால் மூடுவது). ஒரே ஒரு புரதத்தை நம்பாமல் பாதை முழுவதையும் அளக்கிறீர்கள். புரதம் சரியாக மாறியிருக்கிறதா, எங்காவது காற்றுக்குமிழி விழுந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஏஎல்டிஎச்2 பார்ப்பவர்களுக்குக் கணக்கு மாறும். அது 55 கிலோடால்டன் அருகில் வருவதால் டியூபுலின் இடிக்கும். மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்திருந்தால் 32 கிலோடால்டனில் வரும் மைட்டோகாண்ட்ரியப் புரதமான விடிஏசி1 பொருந்தும்.

ஹெப்ஜி2 செல்லில் பட்டையே வரவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. ஹெப்ஜி2 கல்லீரல் கட்டியிலிருந்து வந்த செல்தான், ஆனால் அதில் ஏடிஎச்சும் சிஒய்பி2இ1-உம் மிகக் குறைவு. மதுவின் விளைவைப் படிக்க அதைப் பயன்படுத்த விரும்பியவர்கள் இந்த நொதிகளின் மரபணுக்களை வெளியிலிருந்து செலுத்தி விஏ-13, விஎல்-17ஏ போன்ற செல்வரிசைகளை உருவாக்க வேண்டியிருந்தது. விஏ-13-இல் ஏடிஎச் இருக்கிறது, விஎல்-17ஏ-வில் ஏடிஎச், சிஒய்பி2இ1 இரண்டும் இருக்கின்றன. சாதாரண ஹெப்ஜி2-வையும் விஏ-13-ஐயும் பக்கத்தில் வைத்து ஓட்டினால் அதுவே ஓர் அருமையான சோதனை. கல்லீரலிலிருந்து நேரே எடுத்த செல்களும் தட்டில் சில நாள் இருந்தாலே தங்கள் குணத்தை இழக்கத் தொடங்கும். எடுத்த அன்றே உறையவைத்த லைசேட்டை (செல்களை உடைத்தெடுத்த கரைசல்) பாசிட்டிவ் கன்ட்ரோலாக, அதாவது பட்டை வந்தே தீர வேண்டிய மாதிரியாக, வையுங்கள்.

நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு எது சிறந்தது?

ஏடிஎச்1 மரபணு நீக்கிய சுண்டெலியின் கல்லீரல் கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அப்படிப்பட்ட எலிகள் இருக்கின்றன. இயற்கையே தந்த இன்னொன்றும் உண்டு: வட அமெரிக்கக் காட்டெலியான பெரோமிஸ்கஸில் கல்லீரல் ஏடிஎச் இல்லாமலே பிறக்கும் வரிசை ஒன்று இருக்கிறது. ஏடிஎச் இல்லாமல் மது எப்படிச் சிதைகிறது என்ற பழைய விவாதத்தில் அந்த எலிகள் பெரும்பங்கு வகித்தன. இவை கிடைக்காதபோது மரபணுவை அமைதிப்படுத்திய செல், அல்லது எதுவும் செலுத்தாத எச்இகே293 செல் உதவும்.

ஏடிஎச்சைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்குப் பிரைமரி என்றும், பிரைமரியைப் பிடித்துச் சமிக்ஞை தருவதற்குச் செகண்டரி என்றும் பெயர். பிரைமரி ஆன்டிபாடி போடாத பாதை ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். அது செகண்டரியின் தவறுகளைக் காட்டும். ஆனால் அதை மட்டும் வைத்துப் பிரைமரி சரி என்று சொல்லிவிட முடியாது.

பெப்டைடு சேர்த்தால் பட்டை மறைகிறது. அது போதாதா?

போதாது. ஆன்டிபாடி உண்டாக்கப் பயன்படுத்திய பெப்டைடைச் சேர்த்தால், ஆன்டிபாடியின் பிடிக்கும் இடம் அடைபடும், அவ்வளவுதான். அந்த இடத்தால் அது வேறொரு புரதத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பட்டையும் சேர்ந்து மறையும்.

ஆன்டிபாடி சரிபார்ப்புக்கான பன்னாட்டுக் குழு ஒன்று 2016-இல் ஐந்து வழிகளை முன்வைத்தது. மரபணுவை நீக்கியோ குறைத்தோ பார்ப்பது, ஆன்டிபாடியைச் சாராத வேறொரு முறையின் அளவோடு ஒப்பிடுவது, வேறு எபிடோப்பைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, அடையாளம் ஒட்டிய புரதத்தைச் செல்லில் உண்டாக்கிப் பார்ப்பது, பிடித்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அடையாளம் காண்பது. இவற்றில் ஒன்றையாவது உங்கள் மாதிரியில், உங்கள் முறையில் செய்யுங்கள். வெஸ்டர்னில் தேறிய ஆன்டிபாடி திசு வெட்டில் தேறும் என்று உறுதியில்லை. ஒன்றில் புரதம் அவிழ்ந்து கிடக்கிறது, மற்றதில் ஃபார்மலினால் முறுக்கப்பட்டிருக்கிறது.

50-இலும் 25-இலும் கூடுதல் பட்டைகள் வருகின்றன.

அவை பெரும்பாலும் திசுவிலேயே இருந்த ஆன்டிபாடியின் கனச் சங்கிலியும் இலேசான சங்கிலியும். சுண்டெலிக் கல்லீரலில் சுண்டெலி ஆன்டிபாடியைப் போட்டால், செகண்டரி இரண்டையும் வேறுபாடு தெரியாமல் பிடிக்கும். கல்லீரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. எடுக்குமுன் உப்புக்கரைசலால் இரத்தத்தைக் கழுவி வெளியேற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். முயலில் உண்டாக்கிய பிரைமரிக்கு மாறினால் மீதியும் தீரும். 40-க்குக் கீழே மங்கலாகப் பல பட்டைகள் என்றால் புரதம் சிதைந்திருக்கலாம். புரோட்டியேஸ் தடுப்பான் போட்டீர்களா, பனிக்கட்டிமேல் வேலை செய்தீர்களா என்று பாருங்கள்.

திசு வெட்டில் எல்லாமே பழுப்பாகிறது. என்ன செய்வது?

மெல்லிய திசு வெட்டை ஆன்டிபாடியால் நிறமேற்றும் இந்த முறைக்குக் கல்லீரல் கடினமான உறுப்பு. அதற்கு இயல்பான காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கல்லீரலில் பயோட்டின் மிகுதி. பயோட்டினைப் பிடித்து நிறம் தரும் அவிடின்-பயோட்டின் முறையில் வேலை செய்தால், ஆன்டிபாடி இல்லாத இடத்திலும் நிறம் வரும். பயோட்டினை அடைக்கும் கரைசல்கள் இருக்கின்றன. ஆனால் பயோட்டின் இல்லாத பாலிமர் முறைக்கு மாறுவதே சுலபம். இரண்டாவது, திசுவின் சொந்த பெராக்சிடேஸ் செயல்பாடு, அதுவும் எச்ஆர்பி போலவே நிறம் தரும். பிரைமரிக்கு முன் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வையுங்கள். மூன்றாவது, பித்தம் தேங்கிய கல்லீரலிலும் வயதான கல்லீரலிலும் இயற்கையாகவே மஞ்சள், பழுப்பு நிறமிகள் இருக்கும். நிறம் தரும் வினைபொருளான டிஏபி-யின் பழுப்போடு இவை கலந்து ஏமாற்றும். எந்த ஆன்டிபாடியும் போடாத ஒரு வெட்டை வெறுமனே பார்த்தால் தெரிந்துவிடும். அல்லது சிவப்பு நிறம் தரும் வினைபொருளுக்கு மாறுங்கள். ஃபுளோரசன்ஸ் என்றால் லிபோஃபசின் என்ற நிறமி தானே ஒளிரும், சூடான் பிளாக் பி அதை அடக்கும்.

ஃபார்மலினில் மறைந்த எபிடோப்பை மீட்கச் சிட்ரேட் பிஎச் 6, டிரிஸ்-இடிடிஏ பிஎச் 9 இரண்டையும் சோதியுங்கள். எது பொருந்தும் என்பது ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும்.

எப்படி வந்தால் நம்பலாம்? கல்லீரல் செல்களின் சைட்டோபிளாசம் நிறமேற வேண்டும். பித்தநாளச் செல்களும் அதே அளவு அடர்ந்தால் சந்தேகியுங்கள். கொழுப்பு சேர்ந்த கல்லீரலில் கொழுப்புத்துளி சைட்டோபிளாசத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும், நிறம் மெல்லிய வளையமாகத் தெரியும். அதை ‘ஏடிஎச் குறைந்துவிட்டது’ என்று மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். சிஒய்பி2இ1 மையச் சிரையைச் சுற்றியே அடர்ந்திருக்கும், அந்த வளையம் தெரிந்தால் முறை சரியாக நடந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஏஎல்டிஎச்2 மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் பொடிப்பொடியாகத் தெரியும்.

பட்டை தடித்திருந்தால் நொதி வேகமாக வேலை செய்கிறது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. ஆன்டிபாடி சொல்வது எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதை. துத்தநாகம் இழந்து செயலற்றுப்போன ஏடிஎச்சும் அதே பட்டையைத் தரும். செயல்பாடு வேண்டுமென்றால் எத்தனாலும் என்ஏடி-யும் கொடுத்து, உண்டாகும் என்ஏடிஎச்சை 340 நானோமீட்டரில் அளக்க வேண்டும். 4-மெத்தில்பைரசோல் சேர்த்தால் முதல் வகுப்பின் பங்கு அடங்கும், மிச்சமிருப்பது மற்றவற்றின் வேலை. மெத்தனால் நஞ்சுக்கு ஃபோமெபிசோல் என்று கொடுக்கும் மருந்து இதே மூலக்கூறுதான்.

மாதிரியை முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வெஸ்டர்னுக்கான கரைசலில் இருக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் நொதியைக் கொன்றுவிடும். இடிடிஏ துத்தநாகத்தைப் பறித்துவிடலாம். உயிருள்ள கல்லீரலில் மது சிதையும் வேகத்தை நொதியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, என்ஏடிஎச் மறுபடி என்ஏடி ஆகும் வேகமும் கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

மரபணு வேறுபாடுகளை ஆன்டிபாடி காட்டுமா?

வழக்கமான ஆன்டிபாடி காட்டாது. ஏடிஎச்1பி-யில் 48-ஆம் இடத்து ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறினால் நொதி பல மடங்கு வேகமாகிறது. 375 அமினோ அமிலங்களில் ஒன்று மாறியதை ஆன்டிபாடி கவனிப்பது அரிது. கிழக்காசிய மக்களிடையே பரவலான ஏஎல்டிஎச்2 மாற்றத்தில், 504-ஆம் இடத்து குளூட்டமேட் லைசினாகிறது. அந்த நொதி நான்கு துணையலகுகள் சேர்ந்தது, அதனால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றம் வந்தாலும் செயல்பாடு வெகுவாக விழும். பிளாட்டிலோ பட்டை இருக்கும். மரபணு வகை அறிய டிஎன்ஏ-வைத்தான் பார்க்க வேண்டும். மனிதத் திசுவில் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் இதையும் சேர்த்துப் பார்த்தால், பிறகு விளங்காத பல சிதறல்கள் விளங்கும்.

இந்த ஆன்டிபாடியை வைத்து ஒருவர் குடிப்பவரா என்று கண்டுபிடிக்கலாமா?

முடியாது. ஏடிஎச் குடிக்காதவர் கல்லீரலிலும் நிறைய இருக்கிறது. மது அருந்தியதை அறிய பாஸ்பாடிடில்எத்தனால், எத்தில் குளுக்குரோனைடு போன்ற வேறு அடையாளப் பொருட்கள் உள்ளன. குப்பியில் ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருந்தால் நோயாளியின் சிகிச்சை முடிவுக்கு அதைத் தொடவே கூடாது. ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு அதில் அடங்கியிருக்கிறது, இங்கே தளர்வுக்கு இடமில்லை.

எப்படிப் பாதுகாப்பது?

பாதி கிளிசரால் உள்ள கரைசல் என்றால் மைனஸ் 20-இல் உறையாது, அப்படியே வைத்து எடுக்கலாம். கிளிசரால் இல்லையென்றால் வந்த அன்றே 10 அல்லது 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள், ஒரு பங்கை ஒருமுறைதான் உருக்க வேண்டும். பனி படியாமலிருக்கத் தானாகச் சூடேறி இறங்கும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். திறக்குமுன் ஒருமுறை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் மூடியில் ஒட்டியது கீழே வரும்.

சோடியம் அசைடு கலந்திருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். எச்ஆர்பி நொதியை அது முடக்கும், எனவே எச்ஆர்பி இணைத்த செகண்டரியின் கரைசலில் அது இருக்கவே கூடாது. செம்பு, ஈயக் குழாய்களில் ஊற்றினால் வெடிக்கக்கூடிய உப்புகள் சேரும், கழிவுக் கலத்தில் சேகரித்துக் கொடுங்கள்.

கட்டுரையில் ஆன்டிபாடியைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும்?

பட்டியல் எண், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், எந்த விலங்கில் உண்டாக்கியது, குளோன் பெயர், நீர்க்கச் செய்த அளவு, ஆர்ஆர்ஐடி (ஆய்வுப் பொருட்களுக்கான பொது அடையாளம்) எண். எந்தெந்த வடிவங்களைப் பிடிக்கும் என்று நீங்கள் சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சோதிக்கவில்லை என்றால் ‘ஏடிஎச்1பி’ என்று எழுதாமல் ‘முதல் வகுப்பு ஏடிஎச்’ என்று எழுதுங்கள். வெட்டாத முழு பிளாட் படத்தை இணைப்பில் கொடுங்கள். பின்னால் வரும் ஒருவர் பல மாத உழைப்பை அதை நம்பித்தான் தொடங்குவார்.

குப்பி தீர்ந்துவிட்டது, புது லாட் வந்திருக்கிறது. அப்படியே தொடரலாமா?

பழைய குப்பியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே புதியதை வாங்குங்கள். ஆய்வு தொடங்கும்போதே ஒரு கல்லீரல் லைசேட்டைச் சிறு பங்குகளாக மைனஸ் 80-இல் ஒதுக்கி வைத்திருந்தால் வேலை எளிது. அதே லைசேட்டை அதே ஜெல்லில் இருபுறமும் ஏற்றி, மெம்பரேனை நடுவே வெட்டி, ஒரு பாதிக்குப் பழைய லாட், மறுபாதிக்குப் புதிய லாட். நெகட்டிவ் கன்ட்ரோல் இரண்டு பக்கமும் இருக்கட்டும். பட்டை ஒரே இடத்தில், நெகட்டிவ் பாதை காலியாக, அளவுத்தொடர் இரண்டிலும் ஒரே சாய்வில் ஏறினால் தொடருங்கள். சமிக்ஞை மட்டும் கூடக்குறைய இருந்தால் நீர்க்கச் செய்யும் அளவை மாற்றிச் சரிசெய்யலாம். புதிதாக ஒரு பட்டை முளைத்தால் அந்த லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரே ஒப்பீட்டுக்குள் இரண்டு லாட்டையும் கலக்காமல் பழையதில் மிச்சமிருப்பதற்குள் அந்த ஒப்பீட்டை முடித்துவிடுங்கள்.